அடங்காத காவல்

இல்லை கண்ணு, கோபமெல்லாம் இல்லை. உன் பிரசவத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பயணப் பேச்சையே எடுக்காததற்குக் காரணம் என் குடல். நீ, வயிற்றில் இருப்பது, மாப்பிள்ளை, மூவரும் சுகமா. இங்கே அப்பா சுகம், நான் பாதி சுகம். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

பெருங்குடலில் புண் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை மாத்திரைக்கு அடங்கவில்லை. ரத்தம் போகிறது. பேருந்து நிலைய டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார முடியவில்லை, அந்தக் கண்ணாடி அறையை விட்டு எழ வேண்டுமென்றால் மாற்று ஆள் வர வேண்டும், அதுவரை வயிறு காத்திருக்காது. லீவு போட்டுவிட்டேன். ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்தேன், மறுநாளே அப்பா உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். டிரைவிங் ஸ்கூலில் வண்டி சொல்லிக்கொடுத்து, பக்கத்து இருக்கையின் பிரேக்கில் கால் வைத்தே பழகியவர், வீட்டிலும் காலை எடுப்பதில்லை. கதவுக்கு வெளியே நின்று இருக்கியா, இருக்கியா என்று கேட்கிறார். இல்லாமல் எங்கே போவேன்.

எல்லாம் கிருமியால் என்று முடிவு கட்டி, தட்டு, தம்ளர், கதவுப்பிடி, கடையில் வாங்கிய காய் வரை மருந்துத் தண்ணீரில் கழுவினார். டாக்டரிடம் அதைப் பெருமையாகவும் சொன்னார். அந்த அம்மா சிரிக்கவில்லை, காகிதத்தில் ஒரு கோடு போட்டார். இதுதான் குடலின் உள்தோல், ஓர் உயிரணு கனம்தான். இந்தப் பக்கம் கோடிக்கணக்கில் நுண்ணுயிர்கள், பெரும்பாலும் சாதுவான குடித்தனக்காரர்கள். அந்தப் பக்கம் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள். எது உணவு, எது பகை என்று பிரித்துப் பார்ப்பதும் புண்ணை ஆற்றுவதும் அவற்றின் வேலை. மற்றவற்றைப் போதும் என்று அடக்குவதற்கென்றே சில இருக்கின்றனவாம். எனக்கு அந்த அடக்குதல் எடுபடவில்லை. பகை இல்லாத இடத்தில் சண்டை. வந்தவை இன்னும் பலவற்றைக் கூப்பிட, கோடு கிழிந்துகொண்டே போகிறது. "உங்க மனைவியைக் காப்பாத்த வந்ததுங்கதான் சார் இப்படிப் பண்ணுது" என்றார். அப்பா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ஊசிதான் என்கிறார் டாக்டர். அந்த எதிர்ப்பு உயிரணுக்கள் ஒன்றையொன்று கூப்பிடும் குரலை அது அடைக்குமாம். எக்ஸ்ரே, ரத்தம் எல்லாம் பார்த்துத் தடையில்லை என்றாயிற்று. ஊசிக்கு நோய் கேட்டால், உனக்கு மாதம் நிறைவதற்குள் விமானம் ஏறலாம், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். காவல் தளர்ந்தால் வேறு தொற்று சுலபமாக ஒட்டும் என்றும் சொன்னார். அப்பா அதை மட்டும் பிடித்துக்கொண்டார். யோசிச்சுச் சொல்றோம் என்று எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து யோசிக்கிறோம். அதாவது அவர் யோசிக்கிறார், நான் படுக்கைக்கும் குளியலறைக்கும் நடக்கிறேன்.

கவுன்ட்டரில் என் பக்கத்து இருக்கைக்காரி, தலைமுடியை வைத்து நாங்கள் சுருட்டை என்று கூப்பிடுபவள், என்னைப் பார்க்க வந்தாள். அப்பா அவளை வாசலிலேயே கை கழுவ வைத்து, தும்மல் உண்டா என்று விசாரித்து உள்ளே விட்டார். அவள் என் காதோடு, "ஏன்க்கா, அங்க ஒரு கண்ணாடிப் பெட்டி, இங்க ஒண்ணா" என்றாள். சிரித்தேன். அவள் போன பிறகு அழுகை வந்தது.

நேற்று, ஊசி போட்டுக்கொள்கிறேன் என்று அவரிடம் சொல்லியே விட்டேன். கத்தவில்லை. "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றார். "ஆயிட்டுத்தானே இருக்கு" என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிரமம். கெட்டவராக இருந்தால் கதவைத் திறந்துகொண்டு போய்விடலாம்.

படியில் ஓடாதே. இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. இதற்காக அப்பாவிடம் போனில் சண்டை பிடிக்காதே, நான் பார்த்துக்கொள்கிறேன். உன் உடம்பு உன் பேச்சைக் கேட்கட்டும், பிள்ளை சுகமாக உன் கைக்கு வந்து சேரட்டும்.

பிரியமுள்ள
அம்மா

பி.கு. கையெழுத்துப் போட்ட பிறகு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஊசிக்கு வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். அப்பா கூடத்தில்தான் இருந்தார், அவருக்குக் கேட்கும்படியாகவே பேசினேன்.