லாபியில் மாட்டிய அம்மா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. அதைப் பத்திரிகைக்காரர்கள் வாராவாரம் விசாரித்து ஊருக்கே சொல்லிவிடுகிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருமா, உன் செயலாளரோடு நின்றுவிடுமா தெரியவில்லை. அந்தப் பெண் முதலில் படித்தால் படிக்கட்டும். தன் முதலாளிக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்று அவளுக்காவது தெரியட்டும்.

போன மாதம் அம்மாவைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். பல் செட் உராய்ந்து ஈறு புண்ணாகிவிட்டது. காத்திருக்கும் இடத்தில் பழைய பத்திரிகைகளின் மேல், அட்டை முழுக்க நீ கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். அம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரிவதில்லை. "படிடி, என்ன சொல்லியிருக்கான்னு பாப்போம்" என்றாள். பக்கத்தில் இருப்பவர்களும் கேட்கட்டும் என்று நான் கொஞ்சம் உரக்கவே படித்தேன். எட்டு வயதில் தாயைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாய், அதன்பின் ரயில் நிலைய நடைமேடைதான் உனக்கு வீடு என்கிற இடம் என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அம்மா எட்டி உன் படத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "காய்ச்சல்னா போட்டிருக்கான்? வேற ஒண்ணும் கெடைக்கலையா அவனுக்கு?" என்றாள். எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் வலியை மறந்து எங்களையே பார்த்தார். நான் பத்திரிகையை மூடப்போனேன். "மூடாதே. நான் செத்ததுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு படி" என்றாள்.

படித்தேன். மூட்டை தூக்கினாயாம். பசியில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாயாம். நட்சத்திரங்களைப் பார்த்தபடி ஒரு பெரிய ஹோட்டலைக் கனவு கண்டாயாம். அடேயப்பா! நடைமேடையில் நீ படுத்ததே இல்லையடா. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அம்மா நடத்திய லாட்ஜில், மின்விசிறி இருந்த அறையில், மெத்தைமேல் படுத்தாய். மெத்தை கொஞ்சம் மேடுபள்ளம் என்பதற்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவன் நீ.

அப்பா போன பிறகு அந்த லாட்ஜை அவள் எப்படி நடத்தினாள் என்று உனக்கு நினைவிருக்காது. நினைவிருந்தால் தொழிலுக்கு ஆகாது. மாடிக்கு வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அவள்தான் ஏறுவாள். மருந்துக் கம்பெனி ஆட்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வீட்டில் கோபித்துக்கொண்டு வந்தவர்கள் என்று எல்லோருக்கும் வெளுத்த விரிப்புதான் போடுவாள். நீ வரவேற்பு மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். கேட்டரிங் கல்லூரிக்கு உன்னை அனுப்பியது அந்த லாட்ஜ். கோட்டு தைத்துக் கொடுத்தது அந்த லாட்ஜ். பிறகு நீ ஊரெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து, "கையெழுத்துப் போடும்மா, இந்த இடத்துல உனக்கு ஒரு மாளிகை கட்டுறேன்" என்றாய். போட்டாள். மாளிகை வந்தது. அவள் என் வீட்டுப் பின் அறைக்கு வந்தாள்.

அதற்குமேல் உன் வளர்ச்சியை யாரால் தடுக்க முடியும்? கல்யாணத்தைக் கடல் தாண்டி முடித்துக்கொண்டு போட்டோ அனுப்பினாய். வங்கிக்காரரான உன் மாமனார் வீட்டுக்கு யாருமற்ற பிள்ளையாகப் போயிருக்கிறாய் என்பது இப்போதுதான் புரிகிறது. அப்புறம் ஹோட்டலுக்கு மேல் ஹோட்டல். தலையணையைத் தேர்ந்தெடுக்க ஒரு மெனு கார்டு. யாரும் பேசக் கூடாத ஒரு மாடி. லாபியில் என்ன வாசனை வீச வேண்டும் என்று முடிவு செய்ய சம்பளத்துக்கு ஒரு ஆள். ஒன்றுமே இல்லாமல் தொடங்கினேன் என்று மேடைக்கு மேடை சொல்கிறாய். அந்த ஒன்றுமில்லாததைத்தான் நாங்கள் அம்மா என்று கூப்பிடுகிறோம்.

பல் டாக்டரிடமிருந்து திரும்பியதும் அம்மா ஒரே பிடிவாதம். உன் புது ஹோட்டலைப் பார்த்தே ஆக வேண்டுமாம். படி ஏறக் கூடாது என்று இதய டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். "அங்கதான் லிஃப்ட் இருக்குமே" என்றாள். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு டாக்ஸியில் கிளம்பினோம்.

வாசல்காரர் மரியாதையாகவே கதவைத் திறந்தார். உன் ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க ஒரு ஓவியம். முத்துமாலை போட்ட, சிவந்த, மெலிந்த, எங்களுக்கு யாரென்றே தெரியாத ஒரு பெண். கீழே வெள்ளைப் பூக்கள், ஒரு சின்ன விளக்கு. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். வரவேற்பில் இருந்த பெண் ஓடி வந்து, "எங்க சேர்மனோட அம்மா, பாட்டி. சார் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே தவறிட்டாங்க. தெனமும் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாங்க எல்லாரும் இங்க வந்து நிப்போம்" என்றாள். அந்தப் பெண்ணின் கண் நிஜமாகவே கலங்கியது. அம்மா, "பாவம், நல்ல அழகா இருந்திருக்காங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து நீ லிஃப்டிலிருந்து வந்தாய். கூடவே கோட்டுப் போட்ட நாலைந்து பேர், உன் மாமனாரும். எங்களைப் பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் கை டையைத் தொட்டுச் சரிசெய்ததை நான் பார்த்தேன். ஓடிவிடுவாய் என்று நினைத்தேன். ஓடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். நீ நேராக வந்தாய். லேசாகக் குனிந்து, எல்லா விருந்தாளியிடமும் சிரிக்கும் அதே சிரிப்போடு, "வாங்கம்மா. எல்லாம் வசதியா இருக்கா?" என்றாய்.

அம்மா! நம் மொழியில் அந்தச் சொல் உனக்கு எவ்வளவு சௌகரியமாகப் போய்விட்டது பார். பெற்றவளையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், வழியில் போகிறவளையும் அப்படித்தான். பொய்யே சொல்லாமல் பொய் சொல்லிவிட்டாய். உன் தொழிலில் இதற்குப் பெயர் உபசரிப்பு போலிருக்கிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உன் முகத்தைப் பார்த்து, "ரொம்ப வசதிங்க தம்பி. நீங்க போங்க, உங்களுக்கு வேலை இருக்கும்" என்றாள். 'ங்க' போட்டாளடா உனக்கு. நீயும் போனாய். உன் மாமனார் திரும்பிப் பார்த்து எங்களுக்கு ஒரு தலையசைப்பு தந்துவிட்டுப் போனார்.

டாக்ஸியில் அவள் அழவில்லை. "இளைச்சுட்டான்" என்று மட்டும் சொன்னாள். நான்தான் ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே உன் மேலாளர் ஒருவர் பழக்கூடையோடு வந்து நின்றார். மலைப்பக்கம் முதியோருக்கான ஓய்வு இல்லம் ஒன்று இருக்கிறதாம். தனி அறையாம், நர்ஸாம், தோட்டமாம். அந்த அம்மாளை ஆயுசுக்கும் அங்கேயே வைத்துக்கொள்ள சேர்மன் விரும்புகிறாராம். எந்த உறவில் என்று கேட்டேன். சேர்மனுக்குப் பெரியவர்கள்மேல் எப்போதுமே கருணை உண்டு என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அதை நம்பியே சொன்னது போலத்தான் இருந்தது. கூடையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். கருணையை நீயே வைத்துக்கொள். லாபியில் எங்காவது மாட்டலாம்.

அம்மா அதற்கும் உனக்காகத்தான் பேசினாள். "கோவிச்சுக்காதடி, அவன் பயந்துட்டான்" என்றாள். பயந்தவனுக்கு இத்தனை மாடி எதற்கு என்று கேட்டேன்.

போன வாரம் அம்மாவின் இதயத்துக்கு மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். நான் வெளியே வந்ததும் அம்மா டீ வேண்டும் என்றாள். குடித்துக்கொண்டே, "எனக்கு ஏதாவது ஆனா அவனுக்குச் சொல்லாதே. அவன் ஒரு தடவை அழுது முடிச்சவன். மறுபடியும் எதுக்கு?" என்றாள். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அதைக் கேட்பதாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லாபியில் மாட்டிய படத்தை நீ இறக்க வேண்டாம். உன் கதையையும் மாற்ற வேண்டாம். மாமனார் அறிய வேண்டாம், யாரும் அறிய வேண்டாம். சாயங்காலம் அவள் என் வீட்டுப் போனுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன், அவளையே எடுக்கச் சொல்கிறேன். செயலாளரை விட்டுக் கூப்பிடச் சொல்லாதே. நீயே கூப்பிடு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமலே இரு, அவள் பேசிக்கொள்வாள்.

சீக்கிரம் கூப்பிடு, தம்பி. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருத்தி இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அக்கா