மாற்றி எழுதியும் மாறாத மீதி

12-3-1958, புதன்

இன்று மாலை முதியோர் வகுப்பில் வாத்தியார் 7,35,214-ஐ ஒன்பதால் வகுக்கச் சொன்னார். நான் 7,53,214 என்று மாற்றி எழுதிவிட்டேன். ஆனாலும் மீதி நாலு என்ற என் விடை சரி.

"எண் தப்பு, விடை மட்டும் சரியா? அந்தோணியைப் பார்த்து எழுதினீரா, பெரியவரே?"

பக்கத்திலிருந்த அந்தோணி சிரித்தான். "எனக்கு ஆறு வந்துச்சு, வாத்தியாரே. என்னைப் பார்த்திருந்தா இவனும் கெட்டிருப்பான்."

கிடங்கில் ஒன்பது மூட்டையாக அடுக்கி ஓர் அட்டி போட்டவன் நான். பத்து மூட்டை வந்தால் ஒன்று மிஞ்சும். நூறு வந்தாலும், ஆயிரம் வந்தாலும் ஒன்றுதான்; எழுநூறு வந்தால் ஏழு. அதனால் இலக்கங்களைக் கூட்டி அட்டி போட்டால் போதும், இடம் மாறினாலும் மீதி மாறாது என்றேன். வாத்தியார் இரண்டையும் பலகையில் வகுத்தார். இரண்டிலும் நாலு! பார்த்து எழுதவில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

மாற்றி எழுதியதற்காக அந்த எண்ணைச் சரியாகப் பத்துத் தடவை எழுதச் சொல்லியிருக்கிறார். ஒன்பது முடிந்தது. மீதி ஒன்று.