காற்றாடி எண் முதலில், நேரம் பிறகு

பழைய சர்வரிலிருந்து புதியதற்கு இன்று மாறுகிறோம். தரவைச் சட்டென்று தேடியெடுக்க உதவும் இன்டெக்ஸ்களின் பட்டியலில் ஒன்றின் பெயர் உன் முதலெழுத்துகளில் முடிந்தது. "இது தேவையா மேடம்?" என்று கேட்டார் சென்னையிலிருந்து வந்த பொறியாளர். "அதைத் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஆரல்வாய்மொழிக் காற்று நிற்கவிடவில்லை.

நாம் காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்த இரண்டாம் வருடமே தரவு அட்டவணை பல கோடி வரிகளைத் தாண்டியிருந்தது. எல்லாக் காற்றாடிகளின் அளவீடுகளும் சில நொடிக்கொருமுறை அதில் வந்து விழும். நான் நேரத்துக்கு மட்டும் இன்டெக்ஸ் வைத்திருந்தேன். ஒரு காற்றாடியைக் கேட்டாலும் அத்தனையின் வரிகளையும் புரட்டித்தான் பதில் வரும்.

"ஏட்டி, காத்தாடி நம்பர முன்னால, நேரத்தப் பொறவு வச்சு இன்னொண்ணு போடுவோம்" என்றாய். புதிய அளவீடுகள் பதிவாவது தாமதமாகும் என்று மறுத்தேன். மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் மறுத்தேன்.

ஒரு நாள் காலை, பராமரிப்புக் குழுவின் தாமஸ் அண்ணன் ஒரு காற்றாடியின் அடியிலிருந்து போன் செய்தார். பிரேக் எண்ணெயின் அழுத்தம் ஒரு வாரமாக எப்படி இருந்ததென்று அவருக்குத் தெரிய வேண்டும். தேடவிட்டேன். இருபது நிமிடமாகியும் திரையில் ஒன்றுமில்லை.

"காத்து கூடுது மோளே. ஏறட்டா?"

நீ வேண்டாமென்று கை காட்டினாய். நான், "ஏறுங்கண்ணே, பதில் வந்ததும் சொல்லுதேன்" என்றேன்.

மேலே, அவர் சுழலும் தண்டைப் பூட்டப்போன நேரத்தில் பிரேக் நழுவியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அதன்பிறகுதான் பதில் வந்தது: அழுத்தம் மூன்று நாளாக இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் நீ அந்த இன்டெக்ஸைப் போட்டாய். அதே கேள்விக்குக் கண் இமைப்பதற்குள் பதில். பதிவில் தாமதம் தெரியக்கூட இல்லை. "இனி என்னத்துக்குட்டி?" என்று அழுதேன். "நாளைக்கும் ஒருத்தர் ஏறுவாருல்லா" என்றாய்.

விசாரணையில் நான் மறுத்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகும் அது அரித்துக்கொண்டேயிருந்தது.

இன்று நேராகக் குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன். தாமஸ் அண்ணன் ரப்பர் ஷீட்டுகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வியக்கவில்லை.

"அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிச்சே மோளே. ரெண்டுபேரும் சேந்து எடுத்த முடிவு, தப்பாப் போச்சுன்னு."

"இல்லண்ணே. அவ மூணு தடவ சொன்னா. நாந்தான் கேக்கல."

கையிலிருந்த ஷீட்டைக் கொடியில் விரித்துப் போட்டார். பிறகு, "அப்ப அவ பொய்யா சொன்னா?" என்றார்.

எனக்காக நீ சொன்ன அந்தப் பொய்யைத்தான் இப்போது எங்கே இறக்கிவைப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டு அலைகிறேன்.