ஆரல்வாய்மொழி தாண்டினால் செல்லாத பொருத்தனை

இன்று காலை கோட்டாறு கடைத்தெருவில் நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். தேங்காயெண்ணெய் மணம் தெருமுனை வரைக்கும் வந்தது. மற்றவர்களுக்கு அந்த மணத்தில் நாக்கில் எச்சில் ஊறும். எனக்குக் காதுக்குள் நறநறவென்று சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து, என் வலது காதுக்கு நேராக வாயை வைத்துக்கொண்டு, மதுரை வரைக்கும் நீ மென்ற சத்தம். ராத்தங்கல் போட்ட இடத்தில் சட்டையைக் கழற்றினால் முதுகெல்லாம் உப்பும் மஞ்சள் தூளும் இருக்கும்.

அங்கேயே நின்று உன்னைத் திட்டினேன். வாய்விட்டே திட்டியிருக்கிறேன் போல. "எண்ணெய் நல்ல எண்ணெய்தான் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர், கொஞ்சம் பயந்து. செத்துப்போனவனோடு சண்டை போடுகிறேன் என்று அவரிடம் சொல்ல முடியுமா? அதனால் உனக்கே எழுதுகிறேன். நல்ல வார்த்தை எதையும் எதிர்பார்க்காதே. உன்னைப் புகழ ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்தே நாம் ஒன்றாகத் திரிந்தவர்கள். நீ வளைகுடாவுக்குப் போய், பல வருஷம் கழித்துத் திரும்பி, டைல்ஸ் கடை போட்டாய். நான் இங்கேயே இருந்து டிரைவிங் ஸ்கூல் நடத்தினேன். வருஷத்துக்கு ஒரு முறை பைக்கில் எங்காவது தூரமாகப் போய்வருவோம். உனக்குப் பைக் என்றால் பைத்தியம். ஆனால் ஓட்டத் தெரியாது. இதை நீ உயிரோடு இருந்தபோதே முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான், என் பேச்சை நம்பலாம். உனக்கு முறுக்கத் தெரியும், நிற்கத் தெரியாது.

அதனால்தான் தோவாளைப் பக்கம் லாரிக்குப் பின்னால் போய் மோதித் தொடையெலும்பை முறித்தாய். காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று, உன் மனைவி ஸ்டெல்லா நேராக ஆலயத்துக்குப் போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றாள். பக்கத்தில் நானும் இருந்தேன். சத்தமாகவே பொருத்தனை செய்தாள். "ஆண்டவரே, இவரு கால ஊனி நடந்தா, இனி ஒருக்காலும் பைக் கைப்பிடியத் தொடமாட்டாரு. தொட்டா, அப்ப நீரே இவர எடுத்துக்கிடும்."

நீ நடந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, அதே வாக்கைச் சபை முழுவதற்கும் முன்னால் உன் வாயாலும் கொடுத்தாய். நன்றாகத்தான் பேசினாய். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் மூக்கைச் சிந்தினார். நானும் நம்பினேன், மடையன். வெளியே வந்து செருப்பைப் போடும்போதே காதில் சொன்னாய். "கைப்பிடியத் தொடமாட்டேன்னுதான் சொன்னேன். பின்சீட்டுல இருக்கமாட்டேன்னு சொல்லல்லயே மக்கா." அடுத்த வருஷத்திலிருந்து என் முதுகில் சிப்ஸ் தூள் விழ ஆரம்பித்தது.

கடைசியாகப் போனது மைசூருக்கு. உண்மையில் மைசூருக்கு நாம் போய்ச் சேரவே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் என் தோளைத் தட்டினாய்.

"வண்டிய ஓரமா நிறுத்து மக்கா. இனி நான் ஓட்டுதேன்."

"பொருத்தனை என்னாவது?"

"அது நம்ம பேராயத்துக்குள்ள செஞ்சதுலா. இந்தப் பக்கம் வேற திருமண்டலம். இங்க அது செல்லாது."

சிரித்துவிட்டேன். பிஷப்மார் ஆளுகைக்கு எல்லை உண்டு, கர்த்தருக்கே எல்லைக்கல் நட்டவன் உலகத்தில் நீ ஒருவன்தான். சாவி தரவில்லை. காவல்கிணற்றில் டீ குடிக்கும்போது கேட்டாய், கயத்தாற்றில் கேட்டாய், கரூரில் கேட்டாய். சத்தியமங்கலத்தில் அறை எடுத்துத் தங்கியபோது, கொசுவலைக்குள் இருந்துகொண்டும் கேட்டாய். மறுநாள் காலையில் திம்பம் மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகள் எல்லாவற்றையும் நான்தான் ஏற்றிக் கொண்டுவந்தேன். ஆசனூரில் ஒரு கடையில் நிறுத்தி முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால், மேசைமேல் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு வண்டியில் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய்.

"ஏறு மக்கா. கொஞ்சதூரம். பின்ன ஜென்மத்துக்கும் கேக்கமாட்டேன்."

"இது எந்தத் திருமண்டலம்லே?"

"காட்டுக்கு ஏது திருமண்டலம்?"

ஏறினேன். 'நீ ஏறாமல் இருந்திருக்கலாமே' என்று இப்போது மேலே இருந்துகொண்டு சொல்லாதே. நான் ஏறாவிட்டால் நீ தனியாகப் போயிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

பனி முழுதாகக் கலையவில்லை. இடப்பக்கப் புதரிலிருந்து ஒரு மிளா ரோட்டில் இறங்கியது. அந்தப் பக்கத்தில் கடமான் என்பார்கள், நமக்கு மிளாதான். நல்ல வளர்ந்த பெட்டை. நீ பிரேக் பிடித்தாய், ஒழுங்காகவே பிடித்தாய். அதற்கு மார்க் போடுகிறேன். அது ரோட்டைக் கடந்து, நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. திரும்பிப் பார்த்தால் பின்னால் வேறு ஒன்று வருகிறது என்று அர்த்தம்.

"நில்லுலே. இன்னொண்ணு வரும்," என்று கத்தினேன்.

"எல்லாம் போயாச்சு மக்கா," என்று முறுக்கினாய்.

இரண்டாவது மிளா புதருக்குள்ளிருந்து சாடியது. அதன் விலாவில் முன்சக்கரம் மோதியது, கைப்பிடி உன் நெஞ்சில் இடித்தது. நான் ரோட்டின் மறுபக்கம் போய் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டேன். மிளா எழுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டே காட்டுக்குள் போய்விட்டது. அது பிழைத்ததா என்று தெரியாது. உன்னை நம்பி ரோட்டைக் கடந்த பாவம், அதற்கும் ஒரு வழக்கு உன் பேரில் இருக்கிறது.

முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று நின்றது. மூட்டைகளின் மேல் உன்னைக் கிடத்தினார்கள். உன் தலை என் மடியில் இருந்தது. வண்டி வளைவுகளில் இறங்க இறங்க உன் மூச்சு குறைந்துகொண்டே வந்தது. அப்போதாவது வாயை மூடிக்கொண்டு கிடந்தாயா?

"மக்கா, நீதான் ஓட்டினேன்னு சொல்லணும்."

"பேசாதலே."

"தொட்டா எடுத்துக்கிடும்னு அவதான சொன்னா. அவ வாயாலதான் நான் செத்தேன்னு நினைச்சிருவா. தாங்கமாட்டா. செரின்னு சொல்லு."

"ஒனக்கு ஒண்ணும் ஆவாது."

"செரின்னு சொல்லுலே."

சொன்னேன். வளைவுகள் முடிவதற்குள் நீ போய்விட்டாய். உனக்கு எவ்வளவு சுலபமாக முடிந்தது பார். ஒரு 'செரி'யை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அன்று வேனில் நான் அழுதது துக்கத்தில் என்றுதான் அந்த டிரைவர் நினைத்திருப்பார். பாதிதான் துக்கம். மீதி, உன் கன்னத்தில் ஒன்று விட முடியவில்லையே என்ற ஆத்திரம்.

காவல் நிலையத்திலும் நான்தான் ஓட்டினேன், முதல் மிளா போனதும் நில்லாமல் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். குறுக்கே வந்தது காட்டு மிருகம் என்பதால் வழக்கு பெரிதாகாமல் முடிந்தது. வீட்டில்தான் பெரிதானது. உன்னைக் கொண்டுவந்து இறக்கியபோது, கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு நான் முன்னால் போனேன். ஸ்டெல்லா உன் முகத்தைக்கூட முதலில் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"யாரு ஓட்டினா அண்ணே?"

"நான்தான்மா."

"ஸ்தோத்திரம்," என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் முதலில் வந்தது ஆறுதல்தான். அழுகை அதற்குப் பின்னால் வந்தது. அழுது ஓய்ந்தபின், என் மேல் வெறுப்பு வந்தது. இந்த மூன்றையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது எனக்கு. நீ பெட்டிக்குள் சுகமாகப் படுத்திருந்தாய்.

அப்புறம் ஊர். வேறு எவனாவது வண்டியை இடித்திருந்தால் கெட்ட நேரம் என்று விட்டிருப்பார்கள். நான் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். மகளைச் சேர்க்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று, "மிளாவ இடிச்ச ஆளு இங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எதிர்த்த தெருவுக்குக் கூட்டிப்போனார். ஏற்கெனவே சேர்ந்தவர்களும் ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். இத்தனை வருஷத்தில் என் வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது என்று பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு இருந்ததே அந்தப் பேர் ஒன்றுதான். அதை நீ எடுத்துக்கொண்டு போனாய்.

உண்மை என் மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் ஒருநாள் சோற்றுச் சட்டியைத் தரையில் நங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள். "செத்தவரு நல்ல பேரோட இருக்காரு. நீங்க உயிரோட கெடந்து நாறுதீங்க. இது என்ன நியாயம்? நான் போய் ஸ்டெல்லாகிட்ட சொல்லட்டா?" வேண்டாம் என்றேன். உனக்காக இல்லை, அதைத் தெரிந்துகொள். அந்தப் பொருத்தனை செய்யும்போது ஸ்டெல்லா குரல் எப்படி நடுங்கியது என்று பக்கத்தில் நின்று கேட்டவன் நான். உண்மை தெரிந்தால், பிறகு அவள் எந்த ஜெபத்துக்கும் வாயைத் திறக்கமாட்டாள்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். உன் முதல் வருஷ நினைவு ஆராதனையில் ஸ்டெல்லா சாட்சி சொல்ல எழுந்தாள். "என் வீட்டுக்காரரு குடுத்த வாக்கக் கடைசி மட்டும் காத்துக்கிட்டாரு. கைப்பிடியத் தொடாமலே போனாரு. அதுக்கு ஸ்தோத்திரம். வண்டி ஓட்டின அண்ணன நான் மன்னிச்சிட்டேன். சபையும் மன்னிக்கணும்." சபை முழுதும் ஆமென் சொன்னது. போதகர் என்னை முன்னால் கூப்பிட்டார். முழங்காலில் நின்றேன். தலையில் கையை வைத்து, இந்தச் சகோதரனுடைய கண்களுக்கு விழிப்பைத் தாரும் என்று ஜெபித்தார். என் கண்களுக்கு! காட்டுக்குள் 'நில்லுலே' என்று கத்தியது யார்? எழுந்து மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. முன்வரிசையில் ஸ்டெல்லா கண்ணை மூடி, கையைக் கூப்பி, எனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள். வந்ததை விழுங்கினேன். அன்றைக்கு உன்னை வெறுத்ததுபோல நான் யாரையும் வெறுத்ததில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் என் ஸ்கூல் வாசலில் வந்து நின்றாள். "அண்ணே, எனக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தருவீங்களா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். டைல்ஸ் கடையை இனி அவள்தான் பார்க்க வேண்டும், வண்டி தெரியாமல் முடியாது. நாகர்கோவிலில் வேறு ஸ்கூலா இல்லை? ஊர் பார்க்கட்டும் என்றே என்னிடம் வந்தாள். ஊரும் பார்த்தது. கட்டினவனைப் பறிகொடுத்தவளே நம்பி வருகிறாள் என்றால் நமக்கென்ன என்று, நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். நீ கெடுத்ததை உன் பெண்டாட்டி வந்து கட்டிக்கொடுத்தாள். நான் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

போன வாரம் அவளுக்குக் கடைசிப் பயிற்சி. வேளிமலை அடிவாரச் சாலையில் அவள் முன்னால் போக, நான் என் வண்டியில் பின்னாலேயே போனேன். ஒரு வளைவில், தென்னந்தோப்பிலிருந்து மயில் ஒன்று ரோட்டில் இறங்கியது. அவள் நிறுத்தினாள். மயில் கடந்து போனது. ஒன்று கடந்தால் இன்னொன்று வரும் என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தபடி அவள் எடுக்கவில்லை, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஹாரன் அடித்துக்கொண்டு ஒருவன் எங்களைத் தாண்டிப் போனான். அவள் அசையவில்லை. கொஞ்சநேரம் கழித்து ஒரு பெண்மயில், அதன் பின்னால் இன்னொன்று. எல்லாம் கடந்து முடித்ததும், நான் அவள் பக்கத்தில் போய் நிறுத்தினேன்.

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இவ்வளவுதானே அண்ணே? அன்னைக்கு நீங்க இப்படிச் செத்த நேரம் நின்னிருந்தா, அவரு இருந்திருப்பாருல்லா?"

உனக்கு இதற்குமேல் என்ன எழுத? உன் வண்டி, உன் முறுக்கல், உன் சாவு எல்லாம் என் பேரில் இருக்கிறது. நான் இருக்கும்வரை அப்படியேதான் இருக்கும், யாரிடமும் இறக்கிவைக்கப் போவதில்லை. அவள் உன்னை மன்னிக்க வேண்டிய அவசியமே வராது. நான் மன்னிக்கவில்லை.

"ஆமா ஸ்டெல்லா," என்றேன். "நான் நின்னிருக்கணும்."

தலையை ஆட்டிக்கொண்டு கண்ணாடியை இறக்கினாள். பின்னால் ஒருமுறை பார்த்து, இரண்டு பக்கமும் பார்த்து, மெதுவாக வண்டியை எடுத்தாள். உன்னைவிட நன்றாக ஓட்டுகிறாள்லே.