வளைவில் நின்று கொடுத்த வெந்நீர்

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்பு. எழுத்துகளெல்லாம் மழையில் நனைந்த கோழிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. கோடு போட்ட தாள்தான். ஆனாலும் கோடு ஒரு வழியாகப் போகிறது, நான் ஒரு வழியாகப் போகிறேன். 'ழ' போடும்போது நாக்கை வெளியே நீட்டுகிறேனாம். டீச்சர் சொல்லிச் சிரிக்கிறாள். ஆமாம், எனக்கு ஒரு டீச்சர் இருக்கிறாள். பகலில் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், சாயங்காலம் நூலக மாடியில் எங்களைப் போன்ற பெரிய குழந்தைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். நீ போன பிறகு சேர்ந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. தேறுவேனோ மாட்டேனோ என்று இருந்தது.

கடிதத்தை 'அன்புள்ள' என்று தொடங்க வேண்டுமாம். கட்டின பெண்டாட்டிக்கு இத்தனை வருஷம் கழித்து அதை எழுத வெட்கமாகத்தான் இருந்தது. எழுதிப் பார்த்தேன், நன்றாக வந்துவிட்டது. அழிக்க மனசு வரவில்லை.

போனில் நீ பேசுவாய், நான் 'உம்' என்பேன். நீ "சரி, வச்சிடறேன்" என்பாய். வைத்த பிறகுதான் எனக்குப் பேச்சே வரும். அதைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். இனி சுவருக்கு ஓய்வு.

நான் சௌக்கியம். சமையலறைக் குழாய் சொட்டுகிறது. கீழே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறேன். வீட்டில் ஏதோ ஒரு சத்தம் இருக்கட்டும் என்று அதைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறேன்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். மலை மேலே லாட்ஜில் துணி வெளுக்கும் வேலை, ஒரு சீசன் மட்டும்தான் என்றாய். "போகட்டுமா?" என்று கேட்டாய். நான் 'உம்' என்றேன். அந்த 'உம்' போகச் சொன்னதா, வேண்டாம் என்றதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சீசன்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்


மார்ச் 17

வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. உறையில் இருந்த கையெழுத்தைப் பார்த்து இங்கே சமையல்காரி பயந்துவிட்டாள். "அக்கா, யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க" என்றாள். "மொட்டை இல்லடி, கொஞ்சம் முடி இருக்கு. என் வீட்டுக்காரர்தான்" என்றேன்.

கொடியில் தொங்கிய படுக்கை விரிப்புகளுக்கு நடுவே நின்று மூன்று தடவை படித்தேன். நாம் சேர்ந்து இருந்த வருஷமெல்லாம் நீங்கள் பேசியதைக் கூட்டினாலும் இந்த இரண்டு பக்கம் தேறாது.

நானும் ஒன்றை மறைத்து வைத்திருக்கிறேன். சிரிக்கக் கூடாது. நான் ஓடுகிறேன். யாரும் துரத்தவில்லை. இந்த மலைக்காட்டுப் பாதைகளில் ஓடுவதற்கென்றே ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து லாட்ஜில் தங்குகிறார்கள். அவர்களுடைய சேறு படிந்த துணிகளை நான்தான் துவைக்கிறேன். இப்படி ஒரு மனிதர் எங்கே போய்ப் புரள்கிறார் என்று பார்க்கத்தான் ஒருநாள் அந்தப் பாதையில் நடந்தேன். யாரோ விட்டுப்போன ஒரு ஜோடி ஷூ இருந்தது. இரண்டு காலுறை போட்டால் எனக்குச் சரியாக இருந்தது. விரிப்புகள் காய்கிற நேரத்தில் நடக்க ஆரம்பித்தவளுக்கு, ஒரு இறக்கத்தில் கால் தானாக ஓடிவிட்டது. நிறுத்தத் தோன்றவில்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. யோசிக்கிறேன். குழாய்க்கு வாஷர் மாற்றினால் போதும்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். டீச்சர் உதவ வந்தாள். "இது குடும்ப விஷயம்மா" என்று தாளை மூடிக்கொண்டேன். இரண்டு சாயங்காலம் ஆனது. 'ஓடுகிறேன்' என்ற இடத்தில் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று திரும்ப மேலிருந்து வந்தேன்.

அறுபதைத் தாண்டியவள் காட்டில் ஓடுகிறாய். விழுந்தால் யார் தூக்குவார்கள்? முழங்கால் என்ன ஆவது? பஸ் டெப்போவில் டயர் மாட்டிக்கொண்டிருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன், கல் ரோட்டில் ஓடுகிற வண்டிக்குத்தான் டயர் முதலில் போகும். ஷூவின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இரு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் உன் நடையில் கோளாறு என்று அர்த்தம்.

தெருவில் போனால் இப்போது எனக்கு ஓய்வே இல்லை. எல்லாப் பலகையும் என்னைக் கூப்பிடுகிறது. நம் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடைக்குப் பெயர் இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரிந்தது. உனக்குத் தெரிந்திருக்கும். நீ சொன்னதில்லை. நான் கேட்டதில்லை.

படித்ததைச் சொல்ல ஆள்தான் இல்லை. கீழ்வீட்டம்மாவிடம் சொன்னால் "அப்படியா" என்று கதவைச் சாத்துகிறாள்.

எப்போது வருகிறாய்? பழைய கேள்விதான். இந்தத் தடவை கொஞ்சம் நேராக எழுதியிருக்கிறேன், பார்.

உன் வீட்டுக்காரன்


ஜூலை 2

வீட்டுக்காரருக்கு,

பதில் தாமதம். சீசனில் விரிப்புக்கு மேல் விரிப்பு.

அக்டோபரில் இங்கே ஒரு பந்தயம். ஐம்பது கிலோமீட்டர், முழுக்கக் காட்டுப் பாதை. பெயர் கொடுத்துவிட்டேன். முதலாளியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ஏற்றத்தில் யாரும் ஓடுவதில்லை, தெரியுமா? முழங்காலில் கையை ஊன்றி நடக்கிறார்கள். இறக்கம்தான் ஆளை உடைக்கிறது. தொடை நடுங்கும். கால் விரல்கள் ஷூவின் முனையில் போய் இடிக்கும். எனக்கு ஒரு நகம் கறுத்து விழுந்தேவிட்டது. ஓடிக்கொண்டே சாப்பிடவும் பழக வேண்டும். வாழைப்பழத்தை மென்றுகொண்டு வேரைத் தாண்டினால் புரையேறும். முதலில் அழுகை வந்தது, இப்போது பழகிவிட்டது. வழியில் சில இடங்களில் மேசை போட்டுத் தண்ணீரும் உப்பும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு நேரம் உண்டு. அதற்குள் போய்ச் சேராவிட்டால் நெஞ்சில் குத்தின எண்ணைக் கழற்றி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். எனக்கு அந்த வண்டிதான் கனவில் வருகிறது.

சில நாள் ஒரு ஆளையும் பார்க்காமல் மணிக்கணக்கில் ஓடுகிறேன். தனிமைதான். ஆனால் நம் வீட்டில் நீங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இருந்த தனிமை இல்லை. குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

பந்தயத்துக்கு நீங்கள் வர வேண்டாம். குளிர் உங்களுக்கு ஆகாது, எனக்கும் கவனம் சிதறும். அதை ஓடி முடித்த பிறகு உங்கள் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். இது வாக்கு.

நான்


ஜூலை 25

அன்புள்ள உனக்கு,

எதிரில் உட்கார்ந்திருந்தது பற்றி நீ எழுதிய வரியை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அதனால் மெதுவாக வந்தது. வேகமாகப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அப்படிப்பட்ட வரி சட்டென்று முடிந்துவிடும். எனக்கு அது முடிய வெகுநேரம் ஆனது.

வர வேண்டாம் என்கிறாய். சரி, வரவில்லை. காத்திருக்கிறேன்.

குழாய் வாஷரை மாற்றிவிட்டேன். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்


அக்டோபர் 20

அன்புள்ள உனக்கு,

கோபித்துக்கொள்ளாதே. வரவில்லை என்று எழுதியவன்தான் வந்தேன். இருக்க முடியவில்லை.

நீ விடியுமுன்பே கிளம்பிவிட்டாய் என்று சமையல்காரி சொன்னாள். "நீங்கதான் அந்தக் கடுதாசிக்காரரா" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நீ தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கும் வளைவு வழியாக வருவாய் என்று அவள்தான் கை காட்டினாள். அவளுடைய அடுப்பில் நானே வெந்நீர் காய்ச்சினேன். கையைச் சுட்டுக்கொண்டேன். பெரிதாக இல்லை. அவளுடைய பிளாஸ்க்கையும் ஒரு டம்ளரையும் வாங்கிக்கொண்டு போய் நின்றேன்.

என்ன பனி, என்ன பனி. மரம் இருக்கிறது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான், கண்ணுக்குத் தெரியாது. ஓடுகிறவர்களுக்கு வழி காட்டக் கிளையில் கட்டியிருந்த சிவப்பு ரிப்பன் மட்டும் தெரிந்தது. இளவட்டங்கள் புஸ் புஸ் என்று என்னைத் தாண்டிப் போனார்கள். அப்புறம் ரொம்ப நேரம் யாருமே இல்லை. உன்னை வண்டியில் ஏற்றிவிட்டார்களோ என்று ரிப்பன் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்புறம் நீ வந்தாய். காலடிச் சத்தத்திலேயே நீதான் என்று தெரிந்துவிட்டது. முழங்காலில் சேறு, நெஞ்சில் எண். எனக்குத் தெரியாத ஒரு முகம் உனக்கு இருந்தது. நல்ல முகம். நான் டம்ளரை நீட்டினேன். நீ நின்றாய். டம்ளரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், திரும்ப டம்ளரைப் பார்த்தாய். "ஆறிடப் போகுது, குடி" என்றேன். குடித்தாய். ஒரு சொட்டு வைக்காமல் குடித்தாய். "நல்ல சூடு" என்றாய். டம்ளரைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாய்.

கடைசிப் பஸ் போய்விடும் என்று நான் முடிவு வரை நிற்கவில்லை. எத்தனையாவதாக வந்தாய்? கடைசி என்றாலும் சொல்லு, எனக்கு அது போதும்.

நீ நின்று குடித்ததே எனக்குப் பதில் மாதிரி இருந்தது. கீழ்வீட்டம்மாவிடம் "அவ வர்றா" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவள் கதவைச் சாத்தவில்லை.

உன் வீட்டுக்காரன்


நவம்பர் 3

வீட்டுக்காரருக்கு,

நான் எத்தனையாவதாகவும் வரவில்லை. அடுத்த மேசையோடு என் பந்தயம் முடிந்துவிட்டது.

இதை எப்படி எழுதினாலும் உங்களுக்கு வலிக்கும், அதனால் நேராகவே எழுதுகிறேன். அந்தப் பாதையில் மேசைகளைத் தவிர வேறு இடத்தில், வெளி ஆள் கையால் எதையும் வாங்கக் கூடாது. ஒரு வாய்த் தண்ணீர்கூட. வாங்கினால் ஆட்டத்தில் இல்லை. உங்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தேதான் குடித்தேன்.

அந்தப் பனியில் ஒருவரும் பார்க்கவில்லை. சொல்லாமல் ஓடியிருக்கலாம். நேரமும் கையில் இருந்தது, காலும் நன்றாக இருந்தது. மேசைக்குப் போனதும் சொல்லிவிட்டேன். அங்கே இருந்த பெண், "வெறும் தண்ணிதானேம்மா, நாங்க கேக்கவே இல்லையே, ஓடுங்க" என்றாள். "வெறும் தண்ணி இல்லம்மா. நாப்பது வருஷமா நான்தான் அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன். இன்னைக்குத்தான் அவர் எனக்கு நீட்டினார்" என்றேன். அவள் என் எண்ணைக் கழற்றினாள். ஊக்கை என் கையில் கொடுத்துவிட்டாள். வண்டியில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். பந்தயத்துக்காகத்தான் அழுதேன். நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது.

நீட்டின கையைத் தட்டிவிட்டு என்னால் போக முடியாது. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே வந்தால் எனக்கு எதிரில் ஒரு கை இருந்துகொண்டே இருக்கும். நீட்டினாலும் நிற்பேன், நீட்டாவிட்டாலும் நீட்டுமோ என்று நிற்பேன்.

வாக்குக் கொடுத்தேன், அதனால் பதில். நான் வரவில்லை. அடுத்த வருஷம் மறுபடி ஓடுகிறேன், அதற்கு அடுத்த வருஷமும். எனக்கு இந்த அறையும் இந்தப் பாதையும் போதும்.

கடிதத்தில் இருக்கிற மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் எழுதுவதை நிறுத்தினால் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

வெந்நீர் நிஜமாகவே நல்ல சூடு. கைக்கு மருந்து போட்டீர்களா?

நான்


நவம்பர் 22

அன்புள்ள உனக்கு,

கை ஆறிவிட்டது. அதனால் எழுத்து இன்னும் கோணலாக இருந்தால் அதற்குக் கையைச் சொல்ல முடியாது. பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப்போனேன். அங்கே பிரிக்கவில்லை. திரும்பி வந்து படிக்கட்டில் உட்கார்ந்து பிரித்தேன். வண்டியில் நீ ஏறின இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். மீதியை மறுநாள்தான் படித்தேன். உன் ஒரு வருஷத்தை நான் ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். நீயும் மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறாய்.

கீழ்வீட்டம்மா "எப்ப வர்றாங்க?" என்று கேட்டாள். "வரலம்மா, ஓடுறா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு விளக்கத் தெரியவில்லை.

உன் அலமாரித் தட்டைத் திறந்தேன். கம்பளிச் சட்டை இரண்டு, பச்சைச் சால்வை, காதை மூடுகிற குல்லா. நீ வரும்போது இங்கே இருக்க வேண்டும் என்று யாரையும் தொட விடாமல் வைத்திருந்தேன். குளிர் என்னவோ அங்கேதான் இருக்கிறது. நேற்று எல்லாவற்றையும் மடித்துப் பார்சல் கட்டினேன். மடிப்பு சரியில்லை. நீ பிரித்து மடித்துக்கொள். முகவரியை நானே எழுதினேன். அஞ்சலகத்தில் இருந்தவர் எங்கும் தடுமாறாமல் ஒரே மூச்சில் சத்தமாகப் படித்தார். "சரிதானே?" என்றார். "சரிதான்" என்றேன். ரசீதை வாங்கிக்கொண்டு, வெளியே வந்த பிறகும் அங்கேயே கொஞ்சம் நின்றேன்.

தட்டு காலியாக இருக்கிறது. உன் கடிதங்களை அதில் வைத்தேன். ஒரு மூலைகூட நிறையவில்லை. சீக்கிரம் சீக்கிரம் எழுதினால் நன்றாக இருக்கும்.

காலையில் நீ எத்தனை மணிக்கு ஓடக் கிளம்புகிறாய் என்று எழுது. எனக்குத் தூக்கம் எப்படியும் விடியுமுன் போய்விடுகிறது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, இந்நேரம் நீ ஏற்றத்தில் இருப்பாய், இந்நேரம் இறக்கத்தில் இருப்பாய் என்று தெரிந்து உட்கார்ந்திருக்கலாம்.

இதற்கு மேல் தாள் இல்லை, ஓரத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் புதுத் தாள் வாங்கி எழுதுகிறேன். அந்த வாரத்துக்குச் சேதி ஒன்றும் இல்லாவிட்டாலும் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரன்