எஞ்சினுக்கு வைத்த குங்குமம்

பலெர்மோ, இத்தாலி

அன்புள்ள கனகேஸ்வரிக்கு,

உமது முழங்கால் நோவு குறைந்ததா? நான் இங்கே ராசா மாதிரி இருக்கிறேன்.

சனிக்கிழமை எங்கள் பழைய சக்கரக் கப்பலின் நீராவி எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். ஓடாவிட்டால் கப்பலைப் பூட்டிவிடுவார்கள், என் வேலையும் போய்விடும். எஞ்சினோ அசையவில்லை. நான் புறப்படும்போது நீர் மடித்துத் தந்த குங்குமத்தை எடுத்து அதன் நெற்றியில் வைத்தேன்.

“நாயகமண்ணை, நீங்கள் பித்தளை துடைக்கிற ஆள், தள்ளி நில்லுங்கோ!” என்றான் என்னோடு வேலை செய்கிற பிரசாந்.

“ஓமடா, அதாலைதான் அதின்ரை மனம் எனக்குத் தெரியும்!”

தனி ஆளாக எஞ்சின் சக்கரத்தைத் தள்ளினேன். மற்ற ஆறு பேரும் சும்மா கை வைத்தார்கள். மெல்ல ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு வெள்ளை ஆவிக்குள் இரும்புக் கைகள் போய்ப்போய் வந்தன. நீர் நித்திரையில் மூச்சு விடுவது போலவே இருந்தது. இரும்பிலிருந்து கையை எடுக்காமல் கேட்டபடியே நின்றதில் உள்ளங்கை கொஞ்சம் சுட்டுவிட்டது, பயப்படாதீர்.

இனிக் குளிர்காலம் முழுதும் கப்பல் ஓடுமாம். நான் இல்லாமல் முடியாதாம். ஆனபடியால் சொன்னபடி தைப்பொங்கலுக்கு வர முடியாது.

குங்குமம் முடிந்துவிட்டது. கொஞ்சம் அனுப்பும். கடைப் பெட்டி வேண்டாம், உமது கையால் மடித்தே அனுப்பும்.

கப்பல் சங்கு ஊதுகிறது, ஓடுகிறேன்.

உமது எஞ்சினியர்,
பேரின்பநாயகம்