பாப்பாவுக்குச் சீழ் வைத்துவிட்டது

இன்று காலை அக்கா தன் சின்ன மகள் பாப்பாவின் முழங்கால் கட்டை அவிழ்த்தபோது பஞ்சில் மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்துகிற வாடை. அக்காவோ பஞ்சை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏலே, சீழுலே!" என்று கத்தினாள். மாமா சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடிவந்தார். அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு பிள்ளையின் புண்ணில் சீழ் பிடித்ததற்கு ஒரு குடும்பமே சந்தோஷப்பட்டது சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கும். சென்னை டாக்டரிடம் போனில் சொன்னோம். அவரும் சிரித்துவிட்டுத்தான் மருந்து சொன்னார். இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ பார்த்தபோது அவள் கைக்குழந்தை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு போட்டு வந்திருந்தாய். கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சில் விலங்கியல் படித்தவர்கள். அதன்பிறகு நான் மருந்துக் கம்பெனிக்குப் பை தூக்கப் போனேன், நீ பெங்களூரில் ரத்த வெள்ளணுக்கள் எப்படி நகர்கின்றன என்று ஆராயப் போனாய்.

"நாலு வருசமா அணு நடக்கதயே பாத்துக்கிட்டு இருக்கியே, அது இன்னும் ஊர் போய்ச் சேரலியா?" என்று அன்றும் கேலி செய்தேன்.

"நீ பையத் தூக்கிட்டு டாக்டர் வாசல்ல நிக்கதுக்கு அது பரவால்லலே" என்றாய்.

விழுந்த தொப்புள்கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டுவது எங்கள் வழக்கம். தாயத்து வாங்கி வைத்தாயிற்று. கொடிதான் ஒரு மாதம் தாண்டியும் விழவில்லை. "ஆத்தாளப் பிரிய மனசில்ல பாத்துக்கோ" என்று அம்மா உன்னிடம் பெருமையாகச் சொன்னாள். தொப்புளைச் சுற்றித் தோல் கன்றிச் சிவந்திருந்தது. அதன்மேல் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். தோலில் எது வந்தாலும் இந்த ஊர் செய்வது அதுதானே.

"யம்மா, மண்ண நெத்தியில வைங்க. தொப்புள்ல வேண்டாம்" என்றாய்.

"சீழ் வைக்கலியே தம்பி. சுத்தமான புண்ணுல்லா."

"கொஞ்சங்கூடவா வைக்கல?"

"ஒரு பொட்டு கிடையாது."

உன் முகம் மாறியது. ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கினாய். வெள்ளணுக்கள் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. புற்றுநோயோ என்று சந்தேகப்பட்ட உள்ளூர் டாக்டர் மதுரைக்குப் போகச் சொல்லியிருந்தார். நீ அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய், உன் காபி ஆறியது. உனக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்த காபி. ஏன் என்று நம் இருவருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். "சும்மா இருலே, இப்ப அதுவா முக்கியம்" என்று காதோரம் அடக்கினாய். அதுவும் முக்கியம்தான். நான் இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உன் ஊரான பனவடலிசத்திரத்துக்கு பஸ் ஏற்றிவிட வந்தேன். திருவிழாக் கூட்டம். படிக்கட்டுவரை ஆள் தொங்கிய ஒரு பஸ் நிற்காமலே போனது. அதைக் காட்டித்தான் சொன்னாய்.

"இது கேன்சர் இல்லன்னு நினைக்கேன். ரத்தக்குழாய்ல வெள்ளணு இப்பிடித்தான் ஓடிக்கிட்டே இருக்கும். எங்கன புண்ணு வருதோ, அங்கன குழாயோட உள்சுவர்ல பிடிமானம் முளைக்கும். வெள்ளணுவுக்கு மேல, கை மாதிரி சில புரதம் இருக்கு. அந்தக் கையால பிடிச்சு, உருண்டு, வேகம் குறைஞ்சு, நின்னு, சுவரப் பிதுக்கிட்டு வெளிய இறங்கும். பாப்பாவுக்கு அந்தக் கைல ஒண்ணு இல்லயோன்னு சந்தேகம். ரத்தத்துல கூட்டம் நெரியுது. புண்ணுல இறங்க ஒருத்தனுமில்ல."

"அப்ப சீழு?"

"சீழுங்கதே இறங்கிச் சண்டை போட்டுச் செத்த வெள்ளணுதாம்லே. கொடி விழணும்னாலும் அவங்கதான் வந்து அறுக்கணும்."

வீக்கம் என்றாலே கெடுதல் என்று நினைத்திருந்தவன் நான். ஆள் வரவில்லையென்றால் கிருமி தின்றுவிடும், வந்த ஆள் போகவில்லையென்றால் மூட்டு முழுக்க வீங்கி நாசமாகும், இரண்டையும் முடிவு செய்வது அந்தக் கைகள்தான் என்றாய். பிறகு மெதுவாகக் கேட்டாய்: "அக்காவும் மாமாவும் என்ன சொந்தம்?"

"மாமா, அம்மாவோட கூடப்பிறந்த தம்பி."

"ரெண்டு பேர்ட்ட இருந்தும் ஒரே மரபணுப் பிழை வந்திருக்கும்."

நிலம் வெளியே போய்விடக் கூடாது, ரத்தம் கலந்துவிடக் கூடாது என்று அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவைத்தார்கள். பிள்ளைக்கு முடியாமல் போனதும் அவள் கிரகணத்தில் வெளியே வந்ததுதான் காரணம் என்றார்கள். பிடித்துக் காத்த அந்த ரத்தத்தில்தான் கோளாறு என்று அன்றிரவு வீட்டில் கத்தினேன். மாமா அடிக்க வந்தார். மறுநாள் அவரே சென்னைக்கு டிக்கெட் எடுத்தார்.

வெள்ளணுவின் மேல் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. ஊருக்கு நாலு கல்யாண மண்டபம் இருக்கிறது. சென்னையில் பார்த்தார்கள். நீ சொன்னதேதான். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். அக்காவின் மூத்த மகளுடைய மஜ்ஜை பொருந்தியது. அந்தச் செய்தியைச் சொல்ல உனக்கு போன் செய்தபோது எடுத்தது உன் தம்பி. விளக்கில்லாமல் சாலையில் நிறுத்தியிருந்த லாரியில் உன் பைக் மோதியிருந்தது. உன்னை எடுத்து அடக்கமும் செய்துவிட்டிருந்தார்கள்.

இந்தக் கோபம் எனக்குத் தீராது. ஆனால் நீ பார்க்காமல் போனதையும் சொல்ல வேண்டும். மூத்தவளின் அணுக்கள் பாப்பாவுக்குள் வேர்விடும்வரை அவளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கொடுத்தவர்கள் யார், எந்த ஊர் என்று அம்மா ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் டாக்டர் வந்து, புது வெள்ளணுக்களுக்குக் கை இருக்கிறது என்றார். மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. ரொம்ப நாள் கழித்துப் பசித்தது. கீழே போய் நாலு இட்லி சாப்பிட்டேன்.

பொருத்தம் பார்த்தபோது எங்கள் எல்லோருடைய ரத்தத்திலும் அந்தப் பிழையையும் தேடினார்கள். எனக்குப் பாதி இருக்கிறது, அம்மா வழியில் வந்தது. என் உடம்பை அது ஒன்றும் செய்யாது. பிள்ளைக்குப் போகலாம். இவ்வளவுக்குப் பிறகும் போன மாதம் அம்மா, ராயகிரியில் இருக்கும் பெரிய மாமா மகளை எனக்குப் பேசிவிட்டு வந்தாள். வீட்டில் பெரிய சண்டை. அம்மா சாப்பிடாமல் கிடந்தாள். நான் இறங்கிவரவில்லை.

நேற்று அந்தப் பெண்ணே போன் செய்தாள்.

"அத்தான், நீங்க என்னக் கட்ட வேண்டாம். நானும் உங்களக் கட்டுததா இல்ல. ஆனா எனக்கும் அது இருக்கான்னு பாக்கணும். யாரக் கட்டினாலும் தெரிஞ்சிருக்கணும்லா?"

திருநெல்வேலியில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்புவார்கள், கூட்டிப்போகிறேன் என்றேன்.

"இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னா?"

உன் பெயரைச் சொன்னேன்.

"எந்தத் தெரு?"

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் ஊரையும் தெருவையும் சொன்னேன்.

"அவுக வீட்டுல இப்ப யாரு இருக்கா?" என்று கேட்டாள். அம்மாவும் தம்பியும் என்றேன்.

"சரி. வெள்ளிக்கிழமை ரத்தம் கொடுத்துட்டு வரும்போது அங்கன எறங்கி, அவுக அம்மாவப் பாத்துட்டு வருவோம்."